பட்டம் வாங்கியாயிற்று, அடுத்து?

காயல்பட்டினத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டையும் பேசிவிடுவார்கள். வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். கீழக்கரையிலும் இதே வழக்கம்தான். ஆண்கள் இலங்கைக்கும் வளைகுடாவுக்கும் பொருள் தேடிப் போனபோது, கொடுக்கல் வாங்கல், பிள்ளைகளின் படிப்பு, கட்டட வேலை என அத்தனையையும் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். முஸ்லிம் பெண் என்றாலே மூலையில் முடங்கியவள் என்று நினைப்பவர்கள் இந்த ஊர்களுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

வெளியூருக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கியதால் கல்லூரியே ஊருக்கு வந்தது. கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988இல் தொடங்கியது. காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி இருக்கிறது. சிக்கல் பட்டம் வாங்கிய பிறகுதான். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ கிடைக்கிறது. பெண்ணுக்குப் பலமாக இருந்த அதே வீடு இப்போது அவளை ஊரைவிட்டு நகரவிடாமல் பிடித்து வைக்கிறது.

இந்தத் தடைக்கான பழியை மார்க்கத்தின் மேல் போடுவது சுலபம். ஆனால் மணமகன் தரும் மஹரும் அவள் சம்பாத்தியமும் பெண்ணுக்கே உரியவை, குடும்பச் செலவு கணவன் பொறுப்பு என்பதுதானே மார்க்கச் சட்டம்? நபிகளாரின் முதல் மனைவி கதீஜா வணிகம் செய்தவர். ஆலிமா என்ற மார்க்கக் கல்வி படித்த பெண்கள் இவற்றை ஆதாரத்தோடு எடுத்து வைக்கிறார்கள். வீட்டில் வாதாட, பட்டப்படிப்பைவிட இந்தப் படிப்பே அதிகம் கைகொடுக்கிறது என்று நினைக்கிறேன். மஹரைப் பேருக்கு எழுதிவிட்டுக் கைக்கூலி எனும் வரதட்சணையைக் கறாராகப் பேசச் சொன்னது எந்த மார்க்கம்?

சாதித்த முஸ்லிம் பெண்களுக்கும் குறைவில்லை. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, 2023 செப்டம்பரில் விண்ணுக்குப் போன ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். ஃபாத்திமா பீவி 1989இலேயே உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். ஆனால் நம் ஊர் ஜமாஅத்துகள் பலவற்றில், தன் தலாக் விவகாரத்தைப் பேசக்கூட ஒரு பெண் வாப்பாவையோ அண்ணனையோதான் அனுப்ப வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டையில் தாவூத் ஷரிஃபா பெண்களுக்கென்று தனி ஜமாஅத் கூட்டியது இந்த ஆற்றாமையால்தான். தனி ஜமாஅத் தேவைப்பட்டதே ஊர் ஜமாஅத்துகளுக்குத் தலைகுனிவு.

வேலைக்குப் போகும் பெண் வேண்டும் என்று கேட்கும் மாப்பிள்ளைகள் இப்போது உண்டு. நல்லதுதான். ஆனால் ரமலானில் ஸஹருக்கு எழுந்து சமைத்து, வேலைக்குப் போய்விட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்குள் ஓடிவந்து கஞ்சி காய்ச்சுவது அவள்தான். கணவருக்கும் அதே நோன்பு, அதே வேலை நேரம். நபிகளார் வீட்டு வேலைகளில் கூடமாட இருந்தார், தம் கிழிந்த துணியைத் தாமே தைத்துக்கொண்டார் என்பது ஹதீஸ். பெண்களுக்கான பயானில் சொல்லி ஆவதென்ன? ஜும்ஆவில், ஆண்கள் நிறைந்திருக்கும்போது, மிம்பரில் நின்று இமாம்கள் அதைச் சொல்ல வேண்டும்.