கொன்றவர் யார்?

1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. அதனால் விளைந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். 2002 இல் வெளிவந்த ஜோசப் ஓ’கொனரின் ‘ஸ்டார் ஒவ் த சீ’ என்னும் நாவல், 1847 இல் நியூயோர்க் நோக்கிச் செல்லும் கப்பலொன்றை நிலைக்களனாகக் கொண்டது. மேல்தளத்தில் கடனில் மூழ்கிய நிலப்பிரபு. கீழ்த்தளத்தில் பசித்த குடிகள். அவர்களிடையே, பிரபுவைக் கொல்ல ஏவப்பட்ட ஒருவன்.

பெருந்துயரைக் கொலைக்கதை ஆக்கியது தகாது என்பர் வாசகருள் ஒருசாரார். நிலப்பிரபுவுக்கும் இரக்கம் காட்டியது ஏன் என வினவுவர் மற்றொரு சாரார். இவை புறக்கணிக்கத்தக்க குறைகள் அல்ல. ஆயினும் கப்பற்றலைவனின் நாட்குறிப்பை நோக்குக. இறந்து கடலில் இடப்பட்டோரின் பெயர்கள் அதில் நிரல்பட நிற்கின்றன. முதன்முறை படித்தபோது யான் அப்பெயர்களை விரைந்து கடந்து, கொலை எப்போது நிகழும் என்றே தேடினேன். மறுமுறை படிக்கையில் நாணினேன். ஒருவன் கொலையுண்டால் ‘கொன்றவன் யார்?’ என்கிறோம், பசியால் நூற்றுவர் மாண்டால் அவ்வினா நம் நாவில் எழுவதில்லை. அயர்லாந்து பட்டினி கிடந்த அவ்வாண்டுகளிலும் அந்நாட்டுத் தானியம் கப்பலேறியது என்பது வரலாறு.

அழுகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் வறுமையையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அழுகையோடு அமையாது, அவ்வினாவையும் நம்மிடம் விட்டுச் செல்வதே இந்நாவலின் சிறப்பு.