கட்டுமானத் தாமதம்: யார் பொறுப்பு, எது சான்று?

பாலம், அணை, அடுக்குமாடிக் குடியிருப்பு என எதுவாயினும், அதைக் கட்டுவிக்கும் உரிமையாளருக்கும் கட்டித் தரும் ஒப்பந்ததாரருக்கும் இடையே அடிக்கடி எழும் பூசல் காலதாமதம் பற்றியதே ஆகும். கட்டுமானப் பணிகளுக்கெனத் தனியானதொரு முழுமையான ஒப்பந்தச் சட்டம் இந்தியாவில் இயற்றப்படாததால், இப்பூசல்களுக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் இரு தரப்பினரும் கையெழுத்திட்ட ஒப்பந்த விதிகளிலுமே விடை தேட வேண்டியுள்ளது. இவற்றை வழக்கறிஞர்களின் துறை என்று ஒதுக்கிவிடாமல் பொறியாளர்களும் திட்ட மேலாளர்களும் கற்றறிவது இன்றியமையாதது. ஏனெனில் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் சான்றுகள், வழக்கு தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, பணியிடத்தில் அவர்கள் கையால்தான் உருவாகின்றன.

ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, குறித்த காலத்தில் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இரு தரப்பினரும் கருதியிருந்தால், அக்காலம் தவறியதும் மறுதரப்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆனால் காலநீட்டிப்புக்கும் தாமதத்துக்கான தண்டத்தொகைக்கும் இடமளிக்கும் கட்டுமான ஒப்பந்தத்தில், காலம் அத்தகைய உயிர்நாடியாகப் பொதுவாகக் கொள்ளப்படாது என்பதை, ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்துக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் இடையிலான வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனவே கெடு கடந்துவிட்டது என்ற ஒன்றையே காட்டி ஒப்பந்ததாரரை வெளியேற்றும் உரிமையாளர், தாமே ஒப்பந்தத்தை மீறியவராகிவிடக்கூடும். நியாயமான புதிய கெடுவை எழுத்தில் அறிவித்து, அதுவும் தவறிய பின்னர் நடவடிக்கை எடுப்பதே பாதுகாப்பானது. முறிக்கும் உரிமை இருந்தும் அதைக் கைவிட்டுத் தாமதமான பணியை ஏற்பவர், இழப்பீடு கோரவிருப்பதை ஏற்கும்போதே அறிவிக்காவிட்டால், பின்னர் கோர இயலாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கோ வாரத்துக்கோ இவ்வளவு என முன்கூட்டியே குறித்துவைக்கப்படும் இழப்பீடு 74-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அத்தொகை உச்சவரம்பே அன்றித் தானாகக் கிடைத்துவிடுவதன்று. அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே சட்டம் வழங்குகிறது. இழப்பை அளவிடுவது கடினமாக இருந்து, குறித்த தொகை நேர்மையான முன்மதிப்பீடாகவும் இருந்தால், இழப்பைத் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று சா பைப்ஸ் வழக்கில் 2003-இல் கூறிய உச்ச நீதிமன்றம், இழப்பே நேராதபோது இழப்பீடும் இல்லை என்பதைக் கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் தெளிவுபடுத்தியது.

உரிமையாளர் நிலத்தை ஒப்படைக்காமலோ வரைபடங்களைத் தராமலோ காலம் கடத்தினால், ஒப்பந்ததாரர் காலநீட்டிப்பும் கூடுதல் செலவும் கோரலாம். பன்னாட்டுத் திட்டங்களில் கையாளப்படும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பு, அத்தகைய கோரிக்கைக்குரிய நிகழ்வை அறிந்த 28 நாள்களுக்குள் அறிவிப்புத் தராவிட்டால் உரிமையே பறிபோகும் என்கிறது. குறித்த காலம் கடந்ததால் ஒருவரது உரிமையை அழித்துவிடும் உடன்பாடுகளைச் செல்லாதவையாக்கும் வகையில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு 1997-இல் திருத்தப்பட்டதால், இவ்விதியின் செல்லுபடி இந்தியாவில் வாதத்துக்குரியதாக உள்ளது. ஆயினும் அந்த வாதத்தை நம்பி அறிவிப்பைத் தள்ளிப்போடுவது பேதைமையாகும்.

இப்பூசல்கள் பெரும்பாலும் 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கச் சட்டத்தின்படி, நீதிமன்றத்துக்கு வெளியே, தரப்பினர் ஏற்கும் நடுவர்முன் வைக்கப்படுகின்றன. நடுவர் வழங்கும் தீர்ப்பை நீதிமன்றம் மிகச் சில காரணங்களுக்காகவே தள்ளுபடி செய்ய முடியும். சான்றுகளை அது மீண்டும் எடைபோடுவதில்லை. ஆகையால், மழையால் வேலை நின்ற நாள்கள், வரைபடம் வந்த தேதி, வாய்மொழியாக இடப்பட்ட கூடுதல் பணி, அளவுப் புத்தகப் பதிவு ஆகியவற்றை அன்றன்றே எழுதி, மறுதரப்பின் ஒப்பத்தையும் பெற்றுவைப்பது பொறியாளரின் கடமையாகும். நிலுவையில் நிற்கும் தொகையை நம்பியே துணை ஒப்பந்ததாரர்களும் தொழிலாளர்களும் வாழ்வதால், ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு நிறுவனத்தின் ஆதாயத்தோடு அவர்களது கூலியையும் காக்கிறது. கட்டுமானச் சட்டத்தைப் பொறியியல் கல்வியின் பகுதியாகவே கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.