மலைத்தோட்டத்துத் தாய்மார் கேட்கும் கேள்விகள்

கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு நம் பெண்கள் கூடை சுமந்து கொழுந்து கிள்ளி வந்தவர்கள். இன்று அச்சரிவுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம் என்றாலும், லயங்களிலும் தானா ராத்தா, ரிங்லெட் பகுதிகளிலும் நம் குடும்பங்கள் உள்ளன. தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், கருவுற்ற பெண்கள் இன்றும் என்னிடம் ஐயம் கேட்பதுண்டு.

“மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லையே, ஏன் அக்கா?” என்பதே நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி. பெரும்பாலும் பதில் அவர்கள் கையிலுள்ள கோப்பையிலேயே இருக்கும். தேயிலையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. நம்மவர்களோ சோற்றோடும் தேநீர், மாத்திரையோடும் தேநீர்! தேநீரை அடியோடு விடச் சொல்லவில்லை. சொன்னாலும் இந்த மலைக்குளிரில் யார் கேட்பார்கள்? சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடனோ கொய்யாப்பழத்துடனோ உட்கொண்டால் சத்து நன்கு சேரும். மலம் கறுத்துப் போவது கண்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அது இயல்பு.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. பிரசவத்தில் எந்தப் பெண்ணுக்கும் இரத்தம் போகும். சோகை பிடித்தவளால் அந்த இழப்பைத் தாங்க முடியாது. தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான பிரசவமென்றால் மலையிறங்க நேரலாம். தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவுகள். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு.

ஆகவே வலி முற்றட்டும் என்று வீட்டில் காத்திருப்பது நமக்குப் பொருந்தாது. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, கடுந்தலைவலியோடு பார்வை மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலியில்லாவிட்டாலும் உடனே புறப்படுங்கள். கிளினிக்கில் தரும் புத்தகத்தில் ஒட்டும் வண்ணங்களையும் கவனியுங்கள். வெள்ளை என்றால் ஆபத்து குறைவு. பச்சை, மஞ்சள் என ஏறி, சிவப்பு என்றால் அன்றே மருத்துவமனை. வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்பவர்கள் கிளினிக்கில் சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.

குங்குமப்பூ குழந்தைக்கு நிறம் தராது. நிறம் பெற்றோர் வழி வருவது. பழுத்த பப்பாளியால் கேடில்லை, பால் வடியும் காயைத்தான் தவிர்க்கவேண்டும்.

பத்தியத்தைப் பற்றி மாமியார்மாரிடம் வாதாடி எனக்குப் பழக்கம். மிளகு ரசமும் பூண்டும் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பெரும் நஷ்டம். நோய் எதிர்க்கும் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்கள் விடுப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. கணவருக்கும் 7 நாள் உண்டு. அதற்கு அவர் அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும், பிரசவத்துக்கு 30 நாட்களுக்கு முன்பே தெரிவிக்கவும் வேண்டும்.