இடிந்த ஆலயம் கேட்கும் கேள்வி

துன்ஹிந்த அருவியின் இரைச்சலை அறிந்த நமக்கு, ஆர்ஜென்டினாவும் பிரேசிலும் சந்திக்கும் மழைக்காட்டில் ஏறத்தாழ 275 வீழ்ச்சிகளாய்ப் பொழியும் இகுவாசு பெருவியப்பையே தரும். அங்கிருந்து தென்மேற்கே, சான் இக்னாசியோ மினியில், செந்நிறக் கற்களால் எழுந்த ஆலயமொன்று கூரையின்றி நிற்கிறது.

அது குவரானிப் பழங்குடியினரின் ஊர். இயேசு சபைக் குருக்கள் நிறுவியது. அடிமை வேட்டையாடியோரிடமிருந்து காக்க, 1631இல் அருட்தந்தை மொந்தோயா ஏறத்தாழ 12,000 பேரைத் தெப்பங்களில் ஏற்றிப் பரானா ஆற்றின் வழியே அழைத்துவந்தார். இடம்பெயர்ந்த அவ்வூர் 1696இல் இங்கு நிலைகொண்டது. 1767இல் ஸ்பானிய மன்னர் இயேசு சபையினரை நாடுகடத்த ஆணையிட்டார். காலப்போக்கில் ஊரும் பாழடைந்தது.

இறைமக்களே, வேரறுக்கப்படும் வேதனையை லுணுகலைத் தோட்டங்களும் அறியும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கொழுந்து பறித்த நம் முன்னோரை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோருக்கும் உரிமை வழங்கியது.

ஆலயத்தின் அழகைவிட, அதன் நிழலில் அடைக்கலம் பெற்ற எளியோரையே ஆண்டவர் எண்ணிப் பார்ப்பார். பிறப்புச் சான்றிதழோ காணியுறுதியோ இன்றி லயத்தில் தவிக்கும் ஒரு குடும்பத்துக்கேனும் இவ்வாரம் துணைநிற்போம். சுவர்கள் ஒருநாள் சாயலாம். அன்று அக்குடும்பமே நம் ஆலயத்துக்குச் சாட்சியாய் நிற்கும்.