நோயும் நிலப்படமும்

கொள்ளைநோய் வந்துற்றகாலை, "இதற்குக் காரணம் யாது?" என வினவுதல் மருத்துவர் இயல்பு. "எவ்விடத்துப் பரவிற்று? எவ்விடத்துப் பரவாதொழிந்தது?" என வினவுதல் பூகோள நூலார் இயல்பு. பின்னைய வினா முன்னையதற்கும் விடை தருதல் உண்டென்பதை ஒரு வரலாற்றால் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில், இலண்டன் மாநகரின் சோஹோப் பகுதியில் வாந்திபேதி தோன்றிச் சின்னாட்களில் 500க்கு மேற்பட்டோரை மாய்த்தது. அழுகிய பொருள்களினின்று எழும் தீய காற்றே இந்நோய்க்கு வித்தென்பது அக்காலத்து அறிஞர் பலர் கொள்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ குடிநீரையே ஐயுற்றார். இறந்தோர் இல்லங்களை அவர் ஆராய்ந்தபோது, அவற்றிற் பெரும்பாலன பிராடு தெருவிலிருந்த கைப்பம்பின் அருகே அமைந்திருந்தன. பின்னர் அவர் வெளியிட்ட நிலப்படத்தில் ஒவ்வொரு சாவும் ஒரு கருங்கோடாயிற்று.

ஆயினும், நெருக்கம் ஒன்றே சான்றாகாது. "அவ்விடத்துக் காற்றே தீயது" என எதிர்க்கொள்கையினர் எளிதிற் கூறிவிடலாமன்றோ? ஆதலின் விலக்காய் நின்றவையே பெருஞ்சான்றாயின. அருகிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வாழ்ந்தும் ஐவரே மாண்டனர். அவ்விடுதிக்குத் தனிக்கிணறு இருந்தது. அத்தெருவின் பீர் ஆலைத் தொழிலாளருள் நோயால் மாண்டார் எவருமிலர். அவர்கள் பீரையே பருகி வந்தனர். சேய்மைக்கண் ஹாம்ஸ்டெடில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரோ, அப்பம்பின் நீரை விரும்பி வருவித்துப் பருகி உயிர் துறந்தார். குற்றம் காற்றினதன்று, நீரினதே என்பது இவற்றால் தெளிவாயிற்று.

செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்ததென்பதை ஸ்நோவே மறையாது கூறினார்.

அவ்வூர் உதவிக் குருவானவராகிய ஹென்றி வைட்ஹெட், ஸ்நோவின் கருத்தை முதலில் நம்பினாரல்லர். அதனை மறுக்கக் கருதியே வீடுதோறும் சென்று வினவினார். வினவ வினவ, அவர் கொள்கையே தளர்ந்தது. பம்பினை அடுத்த 40ஆம் எண் இல்லத்தில் ஒரு பசுங்குழந்தை முதலில் நோயுற்றதும், அதன் துணிகளை அலசிய நீர் மலக்குழியிற் கொட்டப்பட்டதும், அக்குழியின் கழிவு கிணற்றிற் கசிந்ததும் அவர் முயற்சியால் வெளிப்பட்டன. தாம் பிழைபட்டதை அவர் நாணாது ஒப்புக்கொண்டார்.

இந்நோய்க் கிருமியை இராபர்ட் கோக் கல்கத்தாவில் தனியே பிரித்துக் காட்டியது 1884ஆம் ஆண்டிலாம். கிருமியைக் காணுமுன்னரே அது செல்லும் வழியைக் காண முடிந்தது. ஆதலின் நிலப்படத்தை நோக்குங்கால், கோடுகள் செறிந்த இடத்தோடு நில்லாது, கோடற்ற வெற்றிடத்தையும் யாம் வினவுதல் வேண்டும். வைட்ஹெட் போன்று, அவ்விடத்து மாந்தரின் வாயிலையும் சென்று தட்டுதல் வேண்டும்.