"தம்பி, நான் மிலிட்டரியில இருந்தவன்": தெருவோரத்தில் ஒரு முதியவர் இப்படிச் சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஜங்ஷன் வாசல், மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள்... மதுரையில் இரவு பத்து மணிக்கு மேல் இந்தப் பக்கம் போனால், துண்டை விரித்துப் படுத்திருக்கும் முதியவர்களைப் பார்க்காமல் வர முடியாது. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போகும் இளைஞர்களிடம் அவர்களில் ஒருவர், "தம்பி, நான் மிலிட்டரியில இருந்தவன்" என்று சொன்னால்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். "சல்யூட் சார்" என்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவார்கள். இல்லையென்றால், "சும்மா கதை விடுறாரு" என்று நகர்ந்துவிடுவார்கள். இரண்டாலுமே அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர் சொல்வது உண்மையாக இருந்தால், மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை பெற அவருக்குத் தகுதி இருக்கலாம். அதுவும் ஆயுள் முழுக்க. அந்தப் பணத்துக்கும் அவருக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் ஒரு புத்தகம்தான்.

ராணுவத்தில் இருந்தால் பென்ஷன் வராதா?

எல்லாருக்கும் வராது. சிப்பாய் நிலையில் சேர்ந்தவர் குறைந்தது 15 ஆண்டுகள் பணி முடித்திருந்தால்தான் சர்வீஸ் பென்ஷன். பணியின்போது ஏற்பட்ட ஊனத்துக்கான பென்ஷன் வேறு கணக்கு. குடும்பச் சூழலாலோ வேறு காரணத்தாலோ ஆறு, ஏழு வருடத்தில் வெளியே வந்தவருக்கு மாதாமாதம் எதுவும் வராது. பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரர்களுக்காக 2003-ல் தொடங்கப்பட்ட இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்துக்குள்ளும் அவரால் எளிதில் வர முடியாது.

உடம்பில் தெம்பு இருக்கும் வரை வாட்ச்மேன் வேலை ஓடும். மனைவி இறந்து, பிள்ளைகளோடு ஒத்துப்போகாமல், குடிப்பழக்கமோ மறதி நோயோ சேர்ந்துகொண்டால், அடுத்தது பஸ் ஸ்டாண்டுதான்.

இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்களில் முன்னாள் படைவீரர்கள் எத்தனை பேர் என்று தனியாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு வெளியாவதில்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே இரவில் வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். படையில் இருந்தவரா என்பதையும் கேட்கிறார்கள். 2010-ல் சுமார் 74,000 ஆக இருந்த வீடற்ற முன்னாள் படைவீரர் எண்ணிக்கை, 2024-ல் 32,882 ஆகக் குறைந்தது. அவ்வளவு பேர் என்று தெரிந்ததால்தான் அதற்கேற்ப நிதி ஒதுக்க முடிந்தது.

அந்த 8,000 ரூபாய் யாருக்கு?

'பெனூரி கிராண்ட்' என்பது அதன் பெயர். வறுமையில் வாடுவோருக்கான உதவித்தொகை என்று வைத்துக்கொள்ளலாம். 65 வயதைக் கடந்த, பென்ஷன் இல்லாத, ஹவில்தாரும் அதற்குக் கீழ் நிலையிலும் இருந்த முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவை மனைவிகளுக்கும் தரப்படுகிறது. முன்பு மாதம் 4,000 ரூபாய். 2025 நவம்பர் 1 முதல் தரப்படும் விண்ணப்பங்களுக்கு இது 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பணம் வருவது கொடி நாள் நிதியிலிருந்து. டிசம்பர் 7 அன்று ஆபீஸிலும் காலேஜிலும் உண்டியல் நீட்டி, சிவப்பு, கருநீலம், வெளிர்நீலத்தில் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திவிடுவார்களே, அதுதான். 1949 முதல் இது நடக்கிறது. முப்படைகளுக்கு மூன்று நிறம். அன்று நீங்கள் போட்ட 50 ரூபாய் போய்ச் சேர வேண்டிய இடங்களில் ஒன்று இந்த முதியவரின் கணக்கு.

அப்புறம் ஏன் அவர் தெருவில் இருக்கிறார்?

விண்ணப்பிக்க டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். தெருவில் தூங்குபவரிடம் பை திருடு போகும், மழையில் நனையும். படைவிலகல் சான்றான டிஸ்சார்ஜ் புக் போய்விட்டால், அவர் ராணுவத்தில் இருந்ததற்கு அவர் வாய் வார்த்தைதான் சாட்சி.

வழி அடைபட்டுவிடவில்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. பென்ஷன் இல்லாதவர்களின் பணி ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிடும். ஆனால் 'லாங் ரோல்' எனும் பதிவேட்டில் அடிப்படை விவரம் இருக்கும். அதைத் தேட சாவி ஒன்றுதான்: சர்வீஸ் நம்பர். நேற்று சாப்பிட்டது மறந்துபோனவருக்கும் அந்த நம்பர் நினைவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவிலும் சிக்கல் காகிதம்தான். 1988-ல் சான்டியாகோ நகரில் வியட்நாம் போரில் இருந்தவர்கள் சேர்ந்து 'ஸ்டாண்ட் டவுன்' என்று மூன்று நாள் முகாம் நடத்தினார்கள். சாப்பாடு, துணி, மருத்துவர், சட்ட உதவி, அரசு அலுவலர்கள் எல்லாம் ஒரே மைதானத்தில். ஆளைப் பல ஆபீஸுக்கு அலையவிடாமல், ஆபீஸே ஆள் இருக்கும் இடத்துக்கு வந்தது. இன்று பல நகரங்களில் இந்த மாதிரி முகாம்கள் நடக்கின்றன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

1. பேசுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். பெயர், சர்வீஸ் நம்பர், ரெஜிமென்ட், சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம், சொந்த ஊர். இந்த ஆறும் போதும். அவர் சம்மதத்தோடு மட்டும் கேளுங்கள். இவற்றைச் சமூக வலைதளத்தில் போட வேண்டாம், மோசடிக்கு வழி திறந்துவிடும்.

2. முதலில் தலைக்கு மேல் ஒரு கூரை. லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் அளவில் நிரந்தரக் காப்பகம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் விதி வகுத்திருந்தது. மாநகராட்சியில் கேட்டால் காப்பக விவரம் கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்று, ஆதார் முகவரிக்கும் உதவும். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணிலும் உதவி கேட்கலாம்.

3. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். உதவித்தொகை விண்ணப்பம் ஆன்லைனில்தான் என்றாலும், சரிபார்த்துப் பரிந்துரைப்பது இந்த அலுவலகம். டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால், போலீஸில் புகார் பதிந்துவிட்டு, ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு இதே அலுவலகம் வழியாக எழுதலாம்.

4. பணம் தர நினைத்தால், கொடி நாள் நிதிக்கு ஆண்டு முழுக்க ஆன்லைனில் தரலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிச் சலுகை உண்டு. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதியையும் முன்னாள் படைவீரர் நலனுக்குச் செலவிட கம்பெனிகள் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

விசாரணையில் அவர் படையில் இல்லை என்று தெரியவந்தால்? அப்போதும் காப்பகம் உண்டு, 14567 உண்டு. அலைச்சல் வீணாகாது.

இது தாத்தா காலத்துக் கதை மட்டுமா?

இல்லை. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களில் 25 சதவீதம் பேர் வரை மட்டுமே நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். 2022 அறிவிப்பின்படி அவர்களுக்கு பென்ஷனும் இல்லை, 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் இல்லை. மேலே சொன்ன உதவிகளெல்லாம் அந்தத் தகுதியின் மீதுதான் நிற்கின்றன. உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் விடியற்காலை ரோட்டில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பசங்க இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்த முறை மாட்டுத்தாவணியில் யாராவது "நான் மிலிட்டரி" என்று சொன்னால், பொட்டலத்தைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்: "ஐயா, உங்க சர்வீஸ் நம்பர் ஞாபகம் இருக்கா?"