கரியிழை விமானமும் அதன் களைப்பும்

உழைக்கும் உடல் களைப்புறுமென்பதை யாவரும் அறிவர். உயிரற்ற பொருள்களுக்கும் களைப்புண்டு என்பது சிலர்க்கு விந்தையாகத் தோன்றலாம். கம்பியொன்றை ஒருமுறை வளைத்தால் முறிவதில்லை. முன்னும் பின்னுமாகப் பன்முறை வளைப்பின் முறிந்துவிடும். 1954-ஆம் ஆண்டில் காமெட் என்னும் ஜெட் விமானங்கள் இரண்டு இத்தாலியை அடுத்த கடலில் சிதறி வீழ்ந்து, 56 பேர் மாண்டனர். ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறியிறங்க, உலோகத் தகட்டில் வெடிப்புண்டாகி வளர்ந்ததே காரணமென்று ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இக்காலத்து விமானங்கள் பலவற்றில் உலோகத்தினிடத்தைக் கூட்டுப்பொருள் பெற்றுவருகின்றது. 2011 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி இப்பொருளே. கரியிழைகளைப் பிசினில் தோய்த்து, திசை மாற்றி அடுக்கடுக்காகப் பரப்பி, வெப்பமும் அழுத்தமும் ஊட்டி இறுகச் செய்வர். இழையின் திசையில் இது மிக வலிது; களைப்பையும் அலுமினியத்தினும் நன்கு தாங்கும்.

ஆயினும் அடுக்கோடு அடுக்கைப் பிணைப்பது பிசின் ஒன்றே. கைதவறிய கருவியோ ஆலங்கட்டியோ மோதினால், மேலே வடுத் தோன்றாமலே உள்ளே அடுக்குகள் பிரியக்கூடும். அமுக்கு விசை நேருந்தோறும் பிரிந்த அடுக்கு புடைத்து, பிரிவை மேலும் அகற்றும். உலோகத்தின் வெடிப்பு பெரும்பாலும் மெல்ல வளர்ந்து கண்ணுக்குப் புலனாகும். இதுவோ மறைவில் வளரும், தொடங்கியபின் விரைந்தும் வளரலாம். ஆதலின் நிபுணர், கண்ணுக்குத் தப்பிய பழுது விமானத்தின் ஆயுள் முழுதும் வளராதிருக்கும்படி, உறுப்புகள் தாங்கும் விசையை அளவுக்குள் வைத்து அமைக்கின்றனர். வேண்டுமென்றே பழுதாக்கிய உறுப்புகளைப் பல்லாயிரமுறை அசைத்து, அதனைப் பரீட்சித்தும் பார்க்கின்றனர்.

பழுது வளராதென்னும் எண்ணம் பொய்ப்பின் யாதாகும்? 2005 மார்ச்சு 6-ஆம் நாள், கியூபா நாட்டு வரதேரோவினின்று கனடாவுக்குப் புறப்பட்ட ஏர்பஸ் 310 விமானமொன்றின் வாற்சுக்கான் வானிலேயே கழன்றுபோயிற்று. விமானிகள் அதனைத் திருப்பிப் பத்திரமாய் இறக்கியமையால் 270 உயிர்கள் தப்பின. அச்சுக்கான் இருபுறமும் கரியிழைத் தகடும், நடுவே தேன்கூடு போன்ற உள்ளீடும் உடையது. தகடு உள்ளீட்டினின்று பிரிந்தோ, உள்ளீடு முறிந்தோ முன்னரே இருந்த பழுது வளர்ந்திருக்கலாமென்று கனடா விசாரணையாளர் கருதினர். கண்ணாற் பார்த்தலும் தட்டி ஓசை கேட்டலுமாகிய அக்காலச் சோதனை முறை போதாமற்போகலாமென்றும் எச்சரித்தனர்.

செவிக்கெட்டாத ஒலியலையைச் செலுத்தி, உட்பிரிவினின்று அது மீளுவதைக் கருவியால் அறியும் முறை இங்குப் பெரிதும் உதவுகின்றது. பொறியியலை நாடும் மாணவர் ஒன்று நினைவிற்கொள்வாராக: புதிய பொருளின் வலிமையைக் கற்றால் மட்டும் போதாது, அது எவ்வாறு தளருமென்பதையும் கற்றல் வேண்டும். அதனை நம்பி ஏறுவோர் பலர்.